ஏழு நாளாக ஒரு ‘ஆனால்’ இல்லை

என் தங்கைக்கு அவள் அலுவலகத்தில் ஸ்கேல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இருபத்திரண்டு வருடமாக ஒரே இரும்பு ஸ்கேலை வைத்துக்கொண்டு செய்தித்தாளை அளக்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவளிடம் நானே கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டேன்.

வேலை இதுதான். பெரிய கம்பெனிகளுக்குத் தங்களைப் பற்றிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை. உட்கார்ந்து படிக்கத்தான் நேரமில்லை. அதனால் தங்கையின் அலுவலகத்துக்குச் சந்தா கட்டிவிடுகிறார்கள். இவர்கள் விடிந்ததும் எல்லாப் பத்திரிகைகளையும் விரித்துப்போட்டு, அந்தந்தக் கம்பெனியைப் பற்றி வந்த செய்தியைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி அனுப்புகிறார்கள். மாதக் கடைசியில் மொத்த சென்டிமீட்டரைக் கூட்டிச் சொன்னால், பிள்ளை உயரம் வளர்ந்துவிட்டான் என்று கேட்ட பெற்றோர் மாதிரி கம்பெனிக்காரர்கள் பூரித்துப்போகிறார்கள்.

அவர்கள் வேலை செய்யும் அறையில் மின்விசிறி இருக்கிறது. ஆனால் போடக் கூடாது. போட்டால் வெட்டிய துண்டெல்லாம் பறந்து, வங்கிச் செய்தி சோப்புக் கம்பெனிக் கோப்புக்குள் போய்விடும். எட்டுப் பேர் வியர்த்து வழிய உட்கார்ந்து வெட்டுவார்கள். தங்கையின் கழுத்தில் எப்போதும் ஒரு கைக்குட்டை இருக்கும்.

நானும் அளக்கிறவள்தான். தையற்கடை வைத்திருக்கிறேன். பேண்ட் நீளம் குறைப்பது, கோட்டின் இடுப்பைப் பிரித்து விடுவது, கவுனுக்குக் கை வைப்பது. பதினேழு வருடமாக ஒரே கடை, வாடகைக்கு. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது என் கணக்கு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் வேறு கணக்குச் சொல்வார். ஆனால் பதினேழு வருடம் அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்காமல் கடை நடத்திப் பாருங்கள், உங்களுக்கும் வரும். ஆமாம், கட்டடக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். சுவர் விரிந்துவிடுமாம். என் பெயர்ப்பலகை ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கியது. மழை வந்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என்ன கடை என்று தெரியாமல் ஆட்கள் தாண்டிப் போவார்கள்.

அந்தக் கடையைச் சொந்தமாக வாங்குவதற்குத்தான் நானும் வீட்டுக்காரரும் சேர்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், வங்கியில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் ஸ்டூல்மேல் ஏறி நின்றார். நான் அவர் கால் மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

“காற்றாலைக் கம்பெனி ஷேர் இப்ப சல்லிசா கிடைக்குதும்மா. யாரும் சீந்தல. நான் கொஞ்சம் வாங்கியிருக்கேன்” என்றார்.

வாயில் ஊசி இருந்ததால் பதில் சொல்லவில்லை. அதை அவர் கவனமாகக் கேட்பதாக எடுத்துக்கொண்டு விளக்கமாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் நிஜமாகவே கவனமாகக் கேட்டேன். அடுத்த வாரம் எங்கள் சேமிப்பு முழுவதும் காற்றுக்குப் போனது. வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. தங்கையிடம் சொன்னபோது, “பதினோராம் பக்கம், அடி மூலை, ஆறு சென்டிமீட்டர். அதுல மூணு ‘ஆனால்’ இருக்கு” என்று மட்டும் சொன்னாள். திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பாராட்டியிருக்கிறாள்.

அப்புறம் ஏறியது பாருங்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றரை வருடத்தில் மூன்று மடங்கு. பதினோராம் பக்கத்தில் கிடந்த காற்றாலை வணிகப் பக்கத்தின் உச்சிக்கு வந்தது, பிறகு முதல் பக்கத்துக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் அட்டைக்கு வந்தது. அழகுக்குறிப்புப் பக்கத்தில் எழுதும் அம்மாள் கூடத் தன் முகப்பூச்சைச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் தான் வாங்கிய ஷேரைச் சொன்னார். ஒரு நாள் குறுக்கெழுத்தில், ‘இது சுற்றினால் பணம் கொட்டும், நான்கு எழுத்து’ என்று வந்தது. நான் மை போட்டே நிரப்பினேன். கடையில் ஸ்டூல்மேல் ஏறுகிற ஒவ்வொருவரும் காற்றுதான் பேசினார்கள். பல் டாக்டர் பேசினார், பள்ளிக்கூட டீச்சர் பேசினார், பக்கத்துப் போன் கடைக்காரர் அளவு கொடுக்காமலே வந்து பேசினார். நானும் விடவில்லை. இந்தக் கம்பெனி எங்கே போய் நிற்கப்போகிறது என்று ஏதோ நானே ஏறி இறக்கையைச் சுற்றிவிட்டு வந்தவள் மாதிரி அளந்தேன். ஊரே வாயால் அளந்துகொண்டிருந்த அந்த நாளில் கையால் அளந்துகொண்டிருந்தவள் என் தங்கை ஒருத்திதான்.

அந்தச் சமயம் பார்த்துக் கட்டடக்காரர் வந்தார். வயதாகிவிட்டது, மகளோடு போய் இருக்கப்போகிறேன், விற்கப்போகிறேன் என்றார்.

“இந்தக் கடை ஒண்ணு. பின்னால பூட்டிக் கிடக்கிற ரூம் ஒண்ணு. இந்த மாசமே கடையை மட்டும் எடுத்துக்கறீங்களா? இல்ல மூணு மாசம் டைம் தர்றேன், ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கறீங்களா? ரெண்டையும்னு சொல்லிட்டு அப்புறம் முடியலைன்னா, மொத்தமா போன் கடைக்காரருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது.”

கையில் இருந்த ஷேரை அன்று விற்றால் கடை மட்டும் வரும். இன்னும் மூன்று மாதம் இப்படியே ஏறினால் பின் அறையும் வரும். நடுச்சுவரை இடித்து, இன்னும் இரண்டு மெஷின் போட்டு, ஒரு பெரிய வெட்டுமேஜை போட்டு... மனசு அங்கேயே குடியேறிவிட்டது. மூன்று மாதம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் சொறிந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

மறுநாள் மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கையில் பசை காய்ந்திருந்தது. கையில் பழைய கோடு போட்ட நோட்டு.

“அக்கா, வித்துடு” என்றாள்.

“எதை?”

“காத்தை.”

“ஏன், கம்பெனியைப் பத்தி ஏதாவது தப்பா எழுதிருக்காங்களா?”

“அதான் எழுதல. ஏழு நாள் ஆச்சு. நாப்பத்தொரு செய்தி வந்துருக்கு. ஒண்ணுல கூட ஒரு ‘ஆனால்’ இல்ல.”

நோட்டைப் பிரித்துக் காட்டினாள். வாரத்துக்கு ஒரு வரி. எத்தனை செய்தி, எத்தனை ‘ஆனால்’. இதை அவள் எத்தனையோ வருடமாக எழுதி வருகிறாள். அலுவலகம் கேட்டதில்லை, சம்பளத்தில் சேராது. அளக்கும்போது படிக்கிறாள், படிக்கும்போது எண்ணுகிறாள், அவ்வளவுதான். முன்பு வீட்டுமனை ஜுரம் வந்தபோதும், அதற்கப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனி ஜுரம் வந்தபோதும், ‘ஆனால்’ மெல்ல மெல்லக் குறைந்து ஒரு வாரம் மொத்தமாகக் காணாமல் போனதாம். அதற்கப்புறம் இரண்டும் கவிழ்ந்ததாம். காற்றாலைக்கு முதல் வருடம் செய்திக்கு இரண்டு மூன்று ‘ஆனால்’. லாபம் வரும், ஆனால் கடன் இருக்கிறது. காற்று உண்டு, ஆனால் எல்லா மாதமும் இல்லை. போன மாதம் பத்துச் செய்திக்கு ஒன்று. இப்போது முட்டை.

“அடியே, ‘ஆனால்’ இல்லன்னா நல்லதுதானே?”

“நீ ஒரு கவுன் தைச்சு மாட்டி வெக்கற. வந்த நாப்பது பேரும் ‘அருமை, அருமை’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போறாங்க. என்ன நினைப்ப?”

“ஒருத்தரும் சரியாப் பாக்கலைன்னு நினைப்பேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. தங்கையிடம் மாட்டிக்கொள்வது அக்காமார்களுக்குப் பிடிக்காது. கத்தரியை மேஜைமேல் வைத்தேன். வைத்தேன் என்றால் போட்டேன்.

“உனக்கு வயித்தெரிச்சல்டி. அன்னிக்கு நீ வாங்காம விட்டுட்ட. இப்ப நான் நாலு காசு பாக்கறது உனக்குப் பொறுக்கல.”

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. நோட்டை மூடினாள். “வயித்தெரிச்சலா இருந்தா வந்து சொல்லாமலே இருந்திருப்பேன்க்கா” என்றாள். எழுந்து போய்விட்டாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் “அளவு சரியா அமையல” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள் அவள். எல்லாம் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அன்று சாயங்காலத்துக்குள் நான் ஒரு பேண்டுக்கு இரண்டு காலையும் வேறு வேறு நீளத்தில் வெட்டிவிட்டேன். பதினேழு வருடத்தில் முதல் தடவை.

மறுநாள் பத்திரிகையில் காற்றாலைக் கம்பெனி முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருந்தது. ‘பத்திரிகைகளில் அதிகம் பேசப்படும் நிறுவனம் நாங்களே’ என்று கொட்டை எழுத்து. கீழே, சென்ற மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது சென்டிமீட்டர் என்று கணக்கு. என் தங்கை அலுவலகத்துக் கணக்கு! இதை அவள் மூக்குக்கு நேரே நீட்டிக் கேட்டுவிடுவது என்று கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாவது மாடி. அறைக்குள் நுழைந்ததும் புழுக்கம் முகத்தில் அடித்தது. அங்கே எனக்கு முன்பே சண்டை நடந்துகொண்டிருந்தது. தங்கை காற்றாலைக் கோப்பை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். அவள் மேனேஜர் எதிரே கைகட்டி நின்றார். அவர் கைகட்டி நிற்பதைப் பார்த்தாலே யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

“இது என்ன சார்?” என்று ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். ‘குடும்பத்தோடு காற்று வாங்க ஏற்ற ஐந்து பூங்காக்கள்’ என்று இருந்தது. நாற்பது சென்டிமீட்டர், படத்தோடு.

விஷயம் என்னவென்றால், வேலை தாங்காமல் புதிதாக மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள். காற்று என்று கண்ணில் பட்டால் வெட்டு என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் கடமை தவறாமல் வெட்டியிருக்கிறார்கள். வானிலை அறிக்கை உள்ளே இருந்தது. ‘பலத்த காற்று, மீனவர்களுக்கு எச்சரிக்கை’ உள்ளே இருந்தது. சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பது எப்படி என்ற கட்டுரை கூட இருந்தது. ஒரு சினிமா விமர்சனம், ‘தியேட்டர் காற்று வாங்குகிறது’ என்று முடிந்திருந்தது. அதையும் பத்திரமாக ஒட்டி வைத்திருந்தார்கள்.

“விடுங்களேன்மா. கம்பெனிக்காரங்க சந்தோஷமா இருக்காங்க. விளம்பரமே குடுத்துட்டாங்க” என்றார் மேனேஜர்.

“பார்க்குல காத்து வாங்கறதுக்கும் ஷேர் மார்க்கெட்டுல காத்து வாங்கறதுக்கும் வித்தியாசம் வேணாமா சார்? முந்நூத்திப் பன்னெண்டு சென்டிமீட்டர் தப்பு. நான் கழிச்சு எழுதிட்டேன். கடிதமும் எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் நீங்க போடணும்.”

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. கோபமாக வந்திருந்ததால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. விளம்பரத்தைச் சத்தமில்லாமல் பையிலேயே மடித்து வைத்துவிட்டேன்.

என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஒட்டாத துண்டுகளை ஒரு கட்டாக எடுத்து என் முன்னால் வைத்தாள். “நீயே தேடு” என்றாள்.

தேடினேன். அவள் சொன்னது தப்பு என்று காட்டியே தீர்வது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். ‘வானமே எல்லை’ பதினான்கு தடவை வந்தது. ‘பொற்காலம்’ ஒன்பது தடவை. கட்டின் அடியில் கிடைத்ததே ஒன்று!

“இதோ இருக்குடி ‘ஆனால்’!” என்று கத்தினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“படி.”

சத்தமாகப் படித்தேன். “விலை ஏறிவிட்டதே என்று இன்னும் சிலர் தயங்குகிறார்கள். ஆனால், அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படத்தான் வேண்டும்.”

படித்து முடிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அந்தச் சிலரைப் போல, ஊர் பரிதாபப்படுகிற இடத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். வாயில் ஊசியோடு, வீட்டுக்காரர் பேசாத நாளில். அப்போது எல்லோரும் தயங்கினார்கள், அதனால்தான் சல்லிசாகக் கிடைத்தது. இப்போது தயங்குகிறவனைக் கண்டால் சிரிக்கிறார்கள். எனக்குப் பயம் வந்தது. பின் அறையின் பூட்டு கண்ணுக்குள் தெரிந்தது; அதற்கு முன்னால் இருக்கிற என் கடையும் தெரிந்தது.

“இது ‘ஆனால்’ இல்லக்கா. ‘ஆனால்’ வேஷம் போட்ட ‘சீக்கிரம்’” என்றாள் தங்கை.

மறுநாள் காலையில் விற்றேன். அத்தனையும். புரோக்கர் இரண்டு தடவை “நிச்சயமாத்தான் சொல்றீங்களாம்மா?” என்று கேட்டார். மூன்றாம் தடவை கேட்டிருந்தால் மாறியிருப்பேன். நல்ல வேளை, அவருக்கு வேறு போன் வந்துவிட்டது. பத்து நாளில் பத்திரம் பதிவானது. சாவி ஏற்கெனவே என்னிடம்தான் இருந்தது. இருந்தாலும் கட்டடக்காரர் அதைக் கேட்டு வாங்கி, தன் கையால் திருப்பிக் கொடுத்தார். அன்றே சுத்தியல் வாங்கினேன். வாசல் சுவரில், நட்ட நடுவில், கை நீளத்துக்கு ஒரு ஆணி அடித்தேன். சுவர் விரியவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பலகை நேராக நின்றது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நான் விற்ற பிறகும் ஷேர் மூன்று வாரம் ஏறியது. விடாமல் ஏறியது. போன் கடைக்காரர் தினமும் காலையில் வந்து அன்றைய விலையைச் சொல்லி, “அவசரப்பட்டுட்டீங்களேக்கா” என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். பின் அறையின் பாதி எனக்குத் தினமும் கணக்கில் வந்து போனது. வயிறு எரிந்தது, ஆம், அந்த வியாதி எனக்கே வந்தது. தங்கை வந்தால் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

“என்னடி உன் ஸ்கேலு? இன்னும் ஏறிக்கிட்டேதானே இருக்கு?”

“என் ஸ்கேல்ல சென்டிமீட்டர் இருக்கு. தேதி இல்லக்கா” என்றாள். கொஞ்சமும் அசரவில்லை. என் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது. புதிய ஆர்டர்கள் வரவில்லை என்று கம்பெனியே ஒரு பத்தி அறிக்கை விட்டது, அவ்வளவுதான். புதன்கிழமை பாதி விலை. அடுத்த வாரம் நான் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பத்திரிகைகள் எல்லாம் முன்பே தெரியும் என்ற குரலில் எழுதின. போன் கடைக்காரர் காலையில் வருவதை நிறுத்திக்கொண்டார். பல் டாக்டர் தைக்கச் சொல்லியிருந்த கோட்டு வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். நான் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்தேன், முடியவில்லை. ஸ்டூல்மேல் ஏறுகிறவர்கள் ஒன்றும் பேசாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முதலில் சொன்ன வங்கிக்காரர் இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொல்லி இரண்டு பேண்ட் கொண்டுவந்தார். அவர் கடைசி வரை விற்கவில்லை. அவருக்கு நான் கூலி வாங்கவில்லை. ஏன் என்று கேட்டார். வாயில் ஊசி இருப்பதாகச் சைகை காட்டினேன்.

ஒன்று மட்டும் நிச்சயம். மூன்று மாதம் என்று சொல்லியிருந்தால் இன்று நான் போன் கடைக்காரரின் வாடகைக்காரி, இல்லாவிட்டால் தெருவில்.

போன மாதம் எங்கள் வட்டாரத்து இலவச வாரப் பத்திரிகையில் என் கடையைப் பற்றி எழுதினார்கள். யார் வந்தது, எப்போது தைக்கக் கொடுத்தது என்றே தெரியவில்லை. பெட்டிச் செய்தி. ‘தையல் நேர்த்தி. சொன்ன நாளில் தருகிறார்கள். அளவு நூலிழை பிசகாது. ஆனால், கடைக்கார அம்மாவுக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.’

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. எவன் எழுதினான், எனக்கா கோபம், இப்போதே போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று செருப்பை மாட்டும்போது தங்கை உள்ளே வந்தாள். பேப்பரை என் கையிலிருந்து வாங்கினாள். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தாள்.

“நாலரை சென்டிமீட்டர்.”

“அளவு கிடக்கட்டும்டி! என்ன எழுதிருக்கான்னு பாத்தியா?”

“பாத்தேன். ஒரு ‘ஆனால்’ இருக்கு” என்றாள். இவ்வளவு பெரிய சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. “கவலைப்படாத. கடை நல்லா இருக்கும்.”

என் வெட்டுமேஜையில் வைத்து, என் கத்தரியால், நான்கு பக்கமும் நேராக வெட்டினாள். வெள்ளைத் தாளில் ஒட்டினாள். பத்திரிகை, தேதி, பக்கம் எல்லாம் எழுதினாள். பிறகு பழக்க தோஷத்தில் ஜன்னல் கம்பியில் கட்டக் கயிறு தேடினாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சுத்தியலையும் ஒரு ஆணியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“எங்கக்கா அடிக்கறது?”

“எங்க வேணா அடிடி” என்றேன். “நம்ம சுவர்தானே.”